டிவைஸ் குரூப்பில் மெஷின்களைச் சேர்க்க: ஸ்கிரிப்டா, டைனமிக் விதியா, பழைய ஏடியா?

400 லேப்டாப் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 80 கிடங்கில் ஓடுகின்றன. அந்த 80க்கு மட்டும் பென்டிரைவை அடைக்கும் பாலிசி போக வேண்டும். பாலிசி எழுதியாகிவிட்டது, காலியாக ஒரு குரூப்பும் தயார். இப்போது அந்த 80 மெஷினையும் குரூப்புக்குள் எப்படிக் கொண்டுபோவது? இந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்பவர்கள் நிறையப் பேர். ஒருவர் பவர்ஷெல்லில் (விண்டோஸின் கமாண்ட் மொழி) ஸ்கிரிப்ட் எழுது என்பார். இன்னொருவர் விதிப்படி தானாக நிரம்பும் டைனமிக் குரூப் போடு என்பார். இருபது வருடமாக ஆக்டிவ் டைரக்டரியோடு (ஏடி, அலுவலக சர்வரில் இருக்கும் கணினி, பயனர் பட்டியல்) குடித்தனம் நடத்துபவர், அங்கேயே சேர்த்துவிட்டால் தானாக கிளவுடுக்கு சிங்க் ஆகிவிடுமே என்பார். மூன்றும் வேலை செய்யும், அதனால்தான் குழப்பம்.

இங்கே பேசப்போவது கிளவுடில் இருக்கும் டைரக்டரியான மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடி (2023 வரை அஸூர் ஏடி என்று அழைக்கப்பட்டது), அதன் மேல் ஓடி மெஷின்களுக்குப் பாலிசி அனுப்பும் இன்டியூன், அலுவலகத்துக்குள் இருக்கும் பழைய ஏடி, இவற்றைப் பற்றி மட்டும். முதல்முறை சேர்ப்பது யாருக்கும் கஷ்டமில்லை. பந்தியில் ஆட்களை உட்கார வைத்துவிடலாம். யார் எழுந்து போனார், யார் புதிதாக வந்தார் என்று கணக்கு வைப்பதுதான் பாடு. ஆகவே மூன்று மாதம் கழித்து அந்தக் குரூப் சரியாக இருக்குமா என்ற கண்ணோடுதான் ஒவ்வொரு வழியையும் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

தகவல் எங்கே இருக்கிறது. எனக்கு இதுதான் முதல் கேள்வி, பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். 'இது கிடங்கு மெஷின்' என்ற தகவல் முதலில் யாருக்குத் தெரிகிறது? மெஷினின் பெயரிலேயே இருக்கிறதா? வாங்கும்போதே ஆட்டோபைலட்டில் (புதிய மெஷினைத் தானாக அமைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) குரூப் டேக் என்ற அடையாளச் சொல்லாகப் பதிவாகிறதா? ஏடியில் எந்த ஓயூவில் (கணினிகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) இருக்கிறது என்பதில் தெரிகிறதா? இல்லை, கிடங்கு மேலாளர் கையில் இருக்கும் எக்செல் ஷீட்டில் மட்டும்தானா? குரூப் உறுப்பினர் பட்டியல் என்பது வேறெங்கோ இருக்கும் ஒரு தகவலின் நகல். மூலம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து இடையில் ஆள் இல்லாமல் நகல் எடுக்கும் வழியே உங்களுக்கான வழி.

விலக்குவது. சேர்ப்பதை எல்லோரும் யோசிக்கிறார்கள். கிடங்கிலிருந்து ஒரு லேப்டாப் கணக்குப் பிரிவுக்குப் போகும் அன்று அதைக் குரூப்பிலிருந்து யார் எடுப்பார்?

வேகம். இன்று மாலைக்குள் வேண்டுமா, நாளை வந்தால் போதுமா?

சாவி. இந்த வேலையைச் செய்யும் ஆளுக்கோ ஸ்கிரிப்டுக்கோ எவ்வளவு பெரிய அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது?

பணம். லைசன்ஸ் இதில் ஒரு துளிதான். ஒருவர் உட்கார்ந்து பராமரிக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## போர்ட்டலில் சிஎஸ்வி ஏற்றுவது

இது கமாண்டே இல்லாத வழி, ஆனாலும் இதை விட்டுவிட்டுப் பேசினால் நேர்மையாக இருக்காது. மெஷின்களின் ஆப்ஜெக்ட் ஐடிகளை (என்ட்ரா ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் அடையாள எண்) ஒரு சிஎஸ்வியில், அதாவது எளிய பட்டியல் கோப்பில் அடுக்கி, போர்ட்டலின் (என்ட்ராவின் நிர்வாக இணையதளம்) குரூப் பக்கத்தில் ஏற்றிவிட்டால் முடிந்தது. ஒரே ஒரு முறை, இரண்டு வார பைலட்டுக்கு (முன்னோட்டச் சோதனை) 30 மெஷின் என்றால் இதற்கு மேல் யோசிக்காதீர்கள். 30 மெஷினுக்கு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்து ஒரு நாளைத் தொலைத்தவன் நான். அதே குரூப்பை அடுத்த மாதமும் தொடவேண்டி வந்தால் மட்டும் கீழே படியுங்கள்.

## கிராஃப் பவர்ஷெல் ஸ்கிரிப்ட்

மூலத் தகவல் எக்செல்லிலோ, சொத்துக் கணக்கு மென்பொருளிலோ, மனிதவளப் பிரிவின் டேட்டாபேஸிலோ இருந்தால் வேறு வழியில்லை, ஸ்கிரிப்ட்தான். அது என்ட்ராவோடு பேசுவது கிராஃப் என்ற மைக்ரோசாஃப்ட் இடைமுகம் வழியாக. எந்தப் பட்டியலையும் எந்தக் குரூப்போடும் இணைக்கலாம், ஓட்டிய சில நிமிடங்களில் உறுப்பினர் பட்டியல் மாறிவிடும். இந்த வழியின் பலமே அந்த வேகம்தான்.

இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களை நகலெடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கமாண்டின் பெயரில் 'அஸூர்ஏடி' அல்லது 'எம்எஸ்ஓஎல்' என்று வந்தால் அது 2024 மார்ச் 30 அன்று மைக்ரோசாஃப்ட் கைவிட்ட மாட்யூல். இன்றைக்கு எழுதுவது பெயரில் 'எம்ஜி' என்று வரும் கிராஃப் கமாண்டுகளில் இருக்க வேண்டும். அஸூர் சிஎல்ஐ என்ற கமாண்ட் கருவியிலும் குரூப்பில் உறுப்பினரைச் சேர்க்கும் கமாண்ட் உண்டு. லினக்ஸில் ஏற்கெனவே அதை வைத்து வேலை செய்பவருக்குச் சரி, ஆனால் ஒரு தடவைக்கு ஒரு ஐடிதான் எடுக்கும்.

இனி குழிகள். முதல் குழி, ஐடி. ஒரே லேப்டாப்புக்கு மூன்று ஐடி இருக்கிறது: என்ட்ராவின் ஆப்ஜெக்ட் ஐடி, என்ட்ராவின் டிவைஸ் ஐடி, இன்டியூனின் டிவைஸ் ஐடி. மூன்றும் ஒரே நீளம், ஒரே வடிவம், கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. குரூப் கேட்பது ஆப்ஜெக்ட் ஐடியை. இன்டியூனிலிருந்து எடுத்த பட்டியலை அப்படியே கொடுத்தால் 'அப்படி ஒன்று இல்லை' என்று வரிசையாகப் பிழை கொட்டும். மெஷின் கண்முன்னே மேசையில் இருக்கும். இல்லை என்கிறதே என்று தலையைச் சொறிந்துகொண்டு இருப்போம். டிவைஸ் ஐடியைக் கொடுத்து டிவைஸைத் தேடி, கிடைத்ததிலிருந்து ஆப்ஜெக்ட் ஐடியை எடுத்து, அதைக் குரூப்புக்குக் கொடுக்கும் அந்த நடுப்படியை ஸ்கிரிப்டில் முதலிலேயே எழுதி வையுங்கள்.

இரண்டாவது குழியில் நானே விழுந்தேன். 340 மெஷின் உள்ள ஒரு குரூப். தினமும் காலையில் பட்டியலோடு ஒப்பிட்டு விடுபட்டதை மட்டும் சேர்க்கும் ஸ்கிரிப்ட். வேகத்துக்காக இருபது இருபதாகச் சேர்க்க எழுதியிருந்தேன். ஒரே கோரிக்கையில் 20 உறுப்பினர் வரை சேர்க்க கிராஃப் விடும். ஒரு நாள் எல்லாத் தொகுதியும் தோற்றது. அனுமதிக் கோளாறு என்று நினைத்து அரைநாள் அனுமதிகளைப் புரட்டினேன். கடைசியில் பார்த்தால், உறுப்பினர் பட்டியலை வாங்கும் கமாண்டில் 'ஆல்' என்ற சுவிட்சைப் போட மறந்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் முதல் பக்கம், அதாவது 100 பேர் மட்டுமே வரும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் மீதி 240ஐயும் விடுபட்டவை என்று நினைத்து ஸ்கிரிப்ட் மறுபடி சேர்க்கப் பார்த்திருக்கிறது. இருபதில் ஒன்று ஏற்கெனவே உறுப்பினராக இருந்தாலும் அந்தக் கோரிக்கை முழுவதும் விழும். குரூப் 100க்குள் இருந்தவரை பிழையே தெரியவில்லை, வளர்ந்ததும் தெரிந்தது.

மூன்றாவது குழி விலக்கும் பக்கம். மூலப் பட்டியல் ஒரு நாள் காலியாக வந்தால் என்ன ஆகும்? ஷீட்டை யாரோ திறந்து வைத்திருக்கிறார், கோப்பு படிக்க முடியவில்லை, ஸ்கிரிப்ட் கையில் பூஜ்யம் வரி. 'பட்டியலில் இல்லாததை எல்லாம் எடு' என்று எழுதியிருந்தால் குரூப்பே காலி, பாலிசியும் போச்சு. ஒரே ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலக்க வேண்டி வந்தால் எதையும் செய்யாமல் நின்று மெயில் அனுப்பு என்று ஒரு தடுப்பு வையுங்கள். பத்து வரிகூட ஆகாது.

விலக்குவதில் இன்னொன்றும் இருக்கிறது, இது பயமுறுத்தும் வகை. பவர்ஷெல் கமாண்ட் இல்லாமல் கிராஃப் முகவரியை நேரடியாக அழைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் உறுப்பினரைக் குரூப்பிலிருந்து எடுக்கும் டெலீட் கோரிக்கையின் முகவரி, டாலர் குறியோடு 'ரெஃப்' என்று முடிய வேண்டும். அந்தக் கடைசித் துண்டை விட்டுவிட்டால், ஸ்கிரிப்டுக்கு அந்த அளவு அனுமதியும் இருந்தால், குரூப்பிலிருந்து போகவேண்டிய டிவைஸ் டைரக்டரியிலிருந்தே அழிந்துவிடும். பெயர் 'ரெஃப்' என்று முடியும் பவர்ஷெல் கமாண்டைப் பயன்படுத்துங்கள், டிவைஸை எழுதும் அனுமதியை இந்த ஸ்கிரிப்டுக்குத் தேவையில்லாமல் தராதீர்கள்.

சாவி விஷயமும் இங்கேதான் கனக்கிறது. ஆள் இல்லாமல் தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்கு 'குரூப் உறுப்பினர்களை எழுதலாம்' என்று டெனன்ட் (நிறுவனத்தின் என்ட்ரா பரப்பு) முழுக்கச் செல்லும் அனுமதி கொடுத்தால், அது கிட்டத்தட்ட எல்லாக் குரூப்பையும் திறக்கும் சாவி. அட்மின் ரோல் ஒதுக்கக்கூடிய குரூப்புகள் போன்ற சில மட்டும் அதற்கு மூடியிருக்கும். நிதிப் பிரிவின் ஷேர்பாயின்ட் கோப்புகளைத் திறக்கும் குரூப்பும் அந்தச் சாவிக்குத் திறக்கும். ஆகவே ஸ்கிரிப்ட் எந்த சர்வரில் ஓடுகிறது, அதில் யார் நுழையலாம் என்பதைப் பாதுகாப்புக் கேள்வியாகப் பாருங்கள். ரகசியச் சொல்லை விடச் சான்றிதழ் நல்லது. ரகசியச் சொல்லாக இருந்தால் போர்ட்டலில் அதிகபட்சம் 24 மாதம். அது தீரும் நாளில் ஸ்கிரிப்ட் ஓசையில்லாமல் நின்றுபோகும், எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

## டைனமிக் விதி

இதில் உறுப்பினரை நீங்கள் சேர்ப்பதே இல்லை. 'இப்படி இருக்கும் டிவைஸ் எல்லாம் உள்ளே' என்று ஒரு விதி எழுதுகிறீர்கள், என்ட்ரா பார்த்துக்கொள்கிறது. விதியையும் பவர்ஷெல்லில் எழுதலாம், எழுதுவதுதான் நல்லது. கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிவு வைக்கும் மென்பொருள்) கோப்பாக வைத்துவிட்டால் யார் எப்போது மாற்றினார் என்பது தெரியும். என்ட்ராவின் சொந்த மாற்றப் பதிவேடான ஆடிட் லாக் பிரீமியம் லைசன்ஸிலேயே 30 நாள்தான் தங்கும், இலவசத்தில் 7 நாள்.

மூலத் தகவல் டிவைஸிலேயே இருந்தால் இதை அடிக்க வேறு வழி இல்லை. ஓர் உதாரணம்: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்னும் எத்தனை மெஷின் அதில் மிச்சம், அவற்றுக்கு மட்டும் ஒரு பாலிசி என்றால், பதிப்பு எண்ணை வைத்து ஒரு விதி போதும். விண்டோஸ் 11இன் பதிப்பு எண்ணும் 10.0 என்றுதான் தொடங்கும், அதற்கடுத்த எண் 22000இலிருந்து மேலே போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. '10 என்று தொடங்குவது' என்று விதி போட்டால் ஊரே உள்ளே வந்துவிடும். மெஷின் மேம்படுத்தப்பட்டதும் தானாக வெளியே போய்விடும். விலக்குவது யார் என்ற கேள்விக்கே இடமில்லை.

ஆட்டோபைலட்டில் கொடுக்கும் குரூப் டேக்கும் அப்படித்தான். அது என்ட்ராவில் டிவைஸின் பிசிக்கல் ஐடி பட்டியலில் 'ஆர்டர்ஐடி' என்ற முன்னொட்டோடு வந்து உட்காரும், விதி அதைப் படிக்கும். கிடங்கு மெஷினுக்கு வாங்கும்போதே டேக் போடும் பழக்கம் இருந்தால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே அது குரூப்பில் இருக்கும்.

இனி இதன் விலை. பொறுமை முதலில். விதி மாற்றியதும் நிமிடங்களில் வரலாம், சில மணி நேரமும் ஆகலாம், பெரிய டெனன்ட்டில் 24 மணி நேரம்கூட ஆகலாம். 'இப்போதே ஓடு' என்று தள்ள ஒரு பொத்தான் கிடையாது. டைனமிக் குரூப்பில் ஒரே ஒரு மெஷினைக் கையால் சேர்க்கவும் முடியாது. மேலாளர் போன் செய்து 'இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் இன்றைக்கு விலக்கு கொடுப்பா' என்றால் விதியைத் திருத்த வேண்டும், அல்லது விலக்குக்கென்று தனியாக ஒரு சாதாரண குரூப் வைத்திருக்க வேண்டும். நான் எப்போதும் இரண்டாவதைச் செய்கிறேன். விதிக்குள் விலக்குகளை நுழைக்க ஆரம்பித்தால் ஓராண்டில் அது யாருக்கும் புரியாத வாக்கியமாகிவிடும், எழுதியவருக்கும்தான். நீளத்துக்கு 3072 எழுத்து என்று வரம்பு உண்டு. அதை எட்டினால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம்.

முடியாதது ஒன்றும் உண்டு. 'விற்பனைப் பிரிவு ஆட்களின் லேப்டாப்' என்று விதி எழுத முடியாது. டிவைஸ் குரூப்பின் விதி டிவைஸின் பண்புகளை மட்டும் பார்க்கும், உரிமையாளரின் பிரிவைப் பார்க்காது. இங்கே பலர் மாட்டுகிறார்கள். அப்படிப்பட்ட தேவைக்குப் பெரும்பாலும் டிவைஸ் குரூப்பே தேவையில்லை, ஆட்களின் குரூப்புக்குப் பாலிசியைக் கொடுத்தால் போதும்.

ஏற்கெனவே ஓடும் சாதாரண குரூப்பை டைனமிக்காக மாற்றும்போது, விதிக்குப் பொருந்தாத பழைய உறுப்பினர்கள் வெளியேறிவிடுவார்கள். பாலிசி தொங்கும் குரூப்பில் இதைச் செய்யாதீர்கள். புதிய குரூப்பில் விதியைப் போட்டு, உறுப்பினர் எண்ணிக்கை பழையதோடு பொருந்துகிறதா என்று கமாண்டில் ஒப்பிட்டு, அப்புறம் பாலிசியை நகர்த்துங்கள். விதியை நிறுத்தி வைக்கவும் வசதி உண்டு.

லைசன்ஸ் பற்றி ஒரு தவறான பயம் இருக்கிறது. டைனமிக் குரூப் என்ட்ரா ஐடி பி1 என்ற கட்டண லைசன்ஸின் வசதிதான். ஆனால் உறுப்பினராகும் ஆட்களுக்குத்தான் தலைக்கு ஒரு லைசன்ஸ். டைனமிக் டிவைஸ் குரூப்பில் உள்ள டிவைஸ்களுக்குத் தனியாக லைசன்ஸ் தேவையில்லை.

## ஏடியில் சேர்த்து சிங்க் ஆக விடுவது

மெஷின்கள் ஏடியிலும் என்ட்ராவிலும் இரண்டிலும் சேர்ந்திருக்கும் ஹைப்ரிட் நிலையா? ஓயூக்கள் ஒழுங்காக இருக்கின்றனவா? அப்படியானால் ஒரு ஓயூவில் உள்ள கணினிகளைப் பவர்ஷெல்லில் எடுத்து ஏடி குரூப்பில் சேர்ப்பது இரண்டு வரி வேலை. குரூப் பாலிசிக்கும் (ஏடியின் சொந்தப் பாலிசி முறை) இன்டியூனுக்கும் ஒரே குரூப் உதவும்.

சின்னச் சின்னத் தடுக்கல்கள் உண்டு. கணினிக் கணக்கின் பெயர் டாலர் குறியோடு முடியும். அதை விட்டுவிட்டுப் பெயரைக் கொடுத்தால் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும். குரூப்பில் சேர்த்த கையோடு மெஷினில் எதுவும் மாறாது, ஏனென்றால் கணினியின் கெர்பெரோஸ் டிக்கெட்டில் (ஏடி கொடுக்கும் அடையாளச் சீட்டு) பழைய குரூப்புகள்தான் இருக்கும். ரீஸ்டார்ட் வேண்டும், அல்லது சிஸ்டம் கணக்கின் டிக்கெட்டுகளை கேலிஸ்ட் கமாண்டால் துடைக்க வேண்டும். வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வரும் லேப்டாப்பில் இது இன்னும் இழுக்கும்: ரீஸ்டார்ட் ஆகும்போது விபிஎன் எழுந்திருக்காது. 5000 பேருக்கு மேல் உள்ள குரூப்பின் உறுப்பினர்களைக் கேட்டால் ஏடியின் வழக்கமான கமாண்ட் வரம்பைக் காட்டி நின்றுவிடும்.

ஏடியிலிருந்து என்ட்ராவுக்கு நகலெடுக்கும் என்ட்ரா கனெக்ட் சாதாரணமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை சிங்க் செய்யும், அவசரத்துக்குக் கமாண்டால் தள்ளலாம். இந்த ஒரு விஷயத்தில் இது டைனமிக் விதியை விட மேல். ஆனால் சிங்க் ஆகி வந்த குரூப்பை மேலே, கிளவுடில் திருத்த முடியாது.

இந்த வழியின் உண்மையான விலை வேறு. என்ட்ராவில் மட்டும் சேர்ந்த மெஷினுக்கு ஏடியில் கணக்கே இருக்காது, அதை இந்தக் குரூப்பில் சேர்க்க வழியில்லை. புதிதாக வாங்கும் லேப்டாப்புகளை என்ட்ராவில் மட்டும் சேர்க்க உங்கள் நிறுவனம் முடிவு செய்திருந்தால், இந்தக் குரூப் மாதாமாதம் தேய்ந்துகொண்டே போகும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கிராஃப் ஸ்கிரிப்ட் | டைனமிக் விதி | ஏடி, பிறகு சிங்க் |
|---|---|---|---|
| மூலத் தகவல் | ஷீட், சொத்துக் கணக்கு, வெளி டேட்டாபேஸ் | டிவைஸின் பெயர், டேக், பதிப்பு | ஓயூ |
| குரூப் மாறும் வேகம் | நிமிடங்கள் | நிமிடம் முதல் ஒரு நாள் வரை | சுமார் அரைமணி |
| விலக்குவது | நீங்கள் எழுதினால்தான் | தானாக | நீங்கள் எழுதினால்தான் |
| கையால் ஒரு விதிவிலக்கு | சுலபம் | முடியாது | சுலபம் |
| அனுமதி | பெரியது | விதி எழுதுபவருக்கு மட்டும் | ஏடியில் குறிப்பிட்ட குரூப்போடு நிறுத்தலாம் |
| மறைந்திருக்கும் செலவு | பராமரிப்பு, தீரும் சான்று | காத்திருப்பு, புரியாமல் போகும் விதி | ஏடியில் இல்லாத மெஷின்கள் |

மூன்றுக்கும் பொதுவான ஒன்றை அட்டவணையில் போடவில்லை. குரூப் மாறிய பிறகும் மெஷின் இன்டியூனோடு பேசினால்தான் பாலிசி இறங்கும். விண்டோஸ் சாதாரணமாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேசும். குரூப்பை வேகமாக மாற்றிவிட்டு மெஷினில் ஒன்றும் வரவில்லை என்று ஸ்கிரிப்டைத் திட்டுவதில் பயனில்லை.

## எந்த நிலையில் எது

புதிய மெஷின்கள் ஆட்டோபைலட் வழியாக வந்து, டேக் போடும் ஒழுக்கமும் இருந்தால் டைனமிக் விதி. இதில் நான் தயங்கமாட்டேன்.

மெஷின்கள் பிரிவு விட்டுப் பிரிவு மாறிக்கொண்டே இருக்கும், அந்த மாற்றம் ஷீட்டில்தான் பதிவாகிறது என்றால் ஸ்கிரிப்ட். ஆனால் ஷீட்டை யார் பராமரிக்கிறார் என்று முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் ஸ்கிரிப்ட் எழுதுவதைத் தள்ளிப் போடுங்கள்.

குரூப் பாலிசி இன்னும் முக்கியமாக ஓடுகிறது, ஹைப்ரிட்டை விட்டு வர இரண்டு மூன்று வருடமாவது ஆகும் என்றால் ஏடி.

குரூப்பே வேண்டாம் என்ற நிலையும் உண்டு. 'எல்லா டிவைஸுக்கும் பாலிசி, ஆனால் இந்த மாடல் மட்டும்' என்பது போன்ற தேவைக்கு இன்டியூனின் ஃபில்டர் போதும். மெஷின் வந்து பேசும் நேரத்திலேயே அது கணக்கிடப்படுவதால் டைனமிக் குரூப்பின் காத்திருப்பு இல்லை. இன்டியூனுக்கு வெளியே, உதாரணமாக நிபந்தனை அணுகல் விதிகளில் (யார் எந்த மெஷினிலிருந்து நுழையலாம் என்று தீர்மானிப்பவை), அந்த ஃபில்டர் உதவாது.

ஸ்கிரிப்டுக்கும் விதிக்கும் நடுவே ஒரு கலப்பு வழியும் இருக்கிறது, நான் இப்போது அதிகம் சாய்வது அந்தப் பக்கம்தான். என்ட்ராவில் ஒவ்வொரு டிவைஸுக்கும் 15 எக்ஸ்டென்ஷன் பண்புகள் காலியாகக் கிடக்கின்றன. ஸ்கிரிப்ட் குரூப்பைத் தொடாது. ஷீட்டைப் படித்து, டிவைஸின் ஒரு பண்பில் 'கிடங்கு' என்று எழுதிவிட்டுப் போகும். அந்தப் பண்பைப் பார்த்து டைனமிக் விதி குரூப்பை அமைக்கும். நாளைக்கு கிடங்கு மெஷின்களுக்கு இன்னும் மூன்று குரூப் வேண்டுமென்றால் ஸ்கிரிப்டைத் திறக்க வேண்டியதில்லை, மூன்று விதி எழுதினால் போதும். மெஷின் ஏன் குரூப்பில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் அந்த டிவைஸின் மேலேயே எழுதியிருக்கும்.

இதற்கும் விலை இருக்கிறது. ஸ்கிரிப்டுக்கு டிவைஸையே எழுதும் அனுமதி கொடுக்க வேண்டும், மேலே வேண்டாம் என்று சொன்ன அதே பெரிய அனுமதி. ஆகவே இந்த வழிக்குப் போனால் அதே ஸ்கிரிப்டுக்குக் குரூப் அனுமதி எதையும் கொடுக்காதீர்கள், டெலீட் அழைப்பு ஒன்றுகூட அதற்குள் இருக்கக் கூடாது. வேகமும் விதியின் வேகம்தான். அப்புறம், மெஷினை அழித்து மறுபடி சேர்த்து டைரக்டரியில் புதிய ஆப்ஜெக்டாக வந்துவிட்டால் அந்தப் பண்பு காலியாகத்தான் இருக்கும். ஸ்கிரிப்ட் தினமும் ஓடினால் மறுநாள் காலையில் எழுதிவிடும். மாதம் ஒருமுறை ஓட்டினால் அந்த மெஷின் மாதம் முழுக்கப் பாலிசி இல்லாமல் கிடங்கில் பென்டிரைவ் வாங்கிக்கொண்டிருக்கும்.